சால்மோனெல்லாவின் ஓ குழுவை அறிய ஆன்டிசீரமா, பிசிஆரா?

ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகு, சேலத்தில் நாங்கள் நடத்தும் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு வரும்போது, 25 கிராமில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாவான சால்மோனெல்லா இருக்கவே கூடாது என்பதுதான் விதி. இருந்துவிட்டால், அது எந்தக் குழு என்ற கேள்வி எழுகிறது. குழுவைத் தீர்மானிப்பது பாக்டீரியாவின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓ-ஆன்டிஜென் என்ற சர்க்கரைச் சங்கிலி. அதை ஆன்டிசீரத்தால், அதாவது அதற்குரிய எதிர்ப்பொருள்கள் உள்ள சீரத்தால் கண்டறியலாம்; பொருந்தினால் செல்கள் திப்பியாகத் திரளும். அல்லது அந்தச் சங்கிலியைக் கட்டும் மரபணுக்களை, டிஎன்ஏ துண்டுகளைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆரில் தேடலாம். நாங்கள் சென்ற ஆண்டு பிசிஆருக்கு மாறினோம்.

வேகத்திலும் எளிமையிலும் ஆன்டிசீரமே மேல். இயந்திரம் எதுவும் வேண்டாம், ஓரிரு நிமிடங்களில் விடை தெரியும்.

எங்களை மாற வைத்தவை, சர்க்கரைச் சங்கிலியை இழந்த 'ரஃப்' எனப்படும் கல்ச்சர்கள் (வளர்த்தெடுத்த பாக்டீரியாக்கள்). மிளகிலிருந்து பிரித்த ஒன்றை ஸ்லைடில் சலைன் (உப்புநீர்) துளியோடு குழைத்தபோது, சீரம் விடுவதற்கு முன்பே அது திரிந்த பாலைப் போலத் திப்பி திப்பியாகத் திரண்டது. சங்கிலி இல்லாத செல்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதன்மேல் எந்தச் சீரத்தை விட்டாலும் வரும் விடையை நம்ப முடியாது. ஆனால் சங்கிலி இல்லை என்பதால் அதற்கான மரபணுக்களும் இல்லை என்று ஆகிவிடாது. கட்டி முடித்த சங்கிலியை அடித்தளத்தோடு இணைக்கும் வால் (waaL) என்ற மரபணு பழுதானாலே செல் மொட்டையாகிவிடும். அப்போதும் கேல்எஃப், ஜிஎன்டி ஆகிய மரபணுக்களுக்கு நடுவே உள்ள ஓ-ஆன்டிஜென் மரபணுத் தொகுப்பு அப்படியே இருக்கும். அந்தக் கல்ச்சரைப் பிசிஆரில் வைத்தபோது, பி குழுவின் அபெக்குவோஸ் சர்க்கரையை உருவாக்கும் மரபணுவின் பட்டை ஜெல்லில் தெளிவாகத் தெரிந்தது. பி குழு என்று எழுத முடிந்தது. தொகுப்பே அறுந்துபோன ரஃப் கல்ச்சராக இருந்தால் பிசிஆரும் கைவிட்டுவிடும்.

பிசிஆரிலும் ஏமாற இடமுண்டு. டி குழுவுக்கு உரிய டைவலோஸ் சர்க்கரையை ஆக்கும் மரபணு, ஏ குழுவிலும் இருக்கிறது. ஏ குழுவில் அதன் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டதால் அது வேலை செய்யாமல், சர்க்கரை பாரட்டோஸ் நிலையிலேயே நின்றுவிடுகிறது. பட்டை வந்ததை மட்டும் பார்ப்பவர் ஏ குழுவை டி என்று எழுதிவிடுவார். விடுபட்ட எழுத்தைப் பிடிக்கத் தனிப் பிரைமர் (பிசிஆர் எந்த இடத்தைப் பெருக்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) வேண்டும். அதுபோல, பி குழுவில் அபெக்குவோஸின்மேல் அசெட்டைல் என்ற சிறு வேதித் தொகுதியைச் சேர்த்து ஓ:5 என்ற அடையாளத்தைத் தரும் மரபணு இந்தத் தொகுப்புக்கு வெளியே இருப்பதால், தொகுப்பை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

பி, சி, டி குழுக்களுக்கு அப்பால் எங்கள் பிசிஆர் அனுபவம் குறைவு. அதனால் சில சீரக் குப்பிகள் இன்னும் குளிர்பெட்டியில் இருக்கின்றன; அவற்றிலும் சிக்காதவற்றைக் இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியில் உள்ள தேசிய சால்மோனெல்லா மையத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.