என்பிடெல் பைத்தான் பாடம்: எட்டு வாரம் படித்து, தேர்வும் எழுதிய பிறகு சொல்கிறேன்

பி.எஸ்சி. கணிதம் முடித்து 17 வருடம் ஆகிறது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். எக்செல் தெரிந்தால் போதும் என்று இருந்த வேலை இது. போன வருடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், நான் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து சரிபார்க்கிற பில்களை, பைத்தான் என்ற நிரல்மொழியில் இருபது வரி எழுதி, டீ வருவதற்குள் சரிபார்த்துவிட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதைப் படித்தே ஆக வேண்டும் என்று.

முதலில் போனில் விளம்பரம் வந்த ஒரு பயிற்சி நிறுவனத்திடம் விசாரித்தேன். 45,000 ரூபாய், தவணை வசதி உண்டு, "இன்னைக்கே சேர்ந்தா தள்ளுபடி மேடம்" என்று ஒரு வாரம் விடாமல் கூப்பிட்டார்கள். பாடம் யார் நடத்துவார்கள் என்று கேட்டதற்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை. அப்புறம் நாத்தனார் மகள்தான், "அத்தை, என்பிடெல்ல சும்மாவே இருக்கு, அங்க படிங்க" என்றாள்.

தெரியாதவர்களுக்காக: ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் 2003-இல் தொடங்கியது என்பிடெல். முதலில் வகுப்புகளைப் பதிவு செய்து இணையத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள், 2014 முதல் தேர்வு வைத்துச் சான்றிதழும் தருகிறார்கள். இப்போது ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளம் வழியாகச் சேர வேண்டும். சேர்வதற்கும், வீடியோ பார்ப்பதற்கும், வாரப் பயிற்சி எழுதுவதற்கும் காசு கிடையாது. தேர்வு எழுதுவதாக இருந்தால் மட்டும் கட்டணம், நான் எழுதியபோது 1000 ரூபாய்.

நான் எடுத்தது சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம், 8 வாரம். எடுத்த எடுப்பில் மீப்பெரு பொது வகுத்தி! பத்தாம் வகுப்பில் படித்த அதே மீ.பொ.வ. தான். எல்லா வகுத்திகளையும் எழுதிப் பொதுவானதில் பெரியதை எடு என்று ஆரம்பித்து, எதற்கு எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும், பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்கி வந்தால் என்ன என்று கேட்டு, கடைசியில், மீதியை வைத்தே வகுத்துக்கொண்டு போகும் யூக்ளிட் முறைக்கு வந்து நிற்கிறார். நான் உடனே நோட்டில் எங்கள் துணி ரோல் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். 84 மீட்டர், 60 மீட்டர் என்று இரண்டு ரோல், வீணாகாமல் ஒரே அளவுத் துண்டுகளாக வெட்ட வேண்டும், அதிகபட்சம் எத்தனை மீட்டர்? 84-ஐ 60-ஆல் வகுத்தால் மீதி 24, 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி 12, 24-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி இல்லை. 12 மீட்டர். மூன்றே வரி. பள்ளியில் இதை மனப்பாடமாகத்தான் செய்தேன், ஏன் வேகமாக வருகிறது என்பது இப்போதுதான் புரிந்தது.

வீடியோக்கள் சின்னச் சின்னதாக இருப்பது பெரிய வசதி. பாத்திரம் கழுவி முடித்து ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் ஒன்றோ இரண்டோ பார்க்கலாம். புதன்கிழமை இரவுக்குள் வாரப் பயிற்சியைச் சமர்ப்பித்தாக வேண்டும், அந்தக் கெடு இல்லாவிட்டால் நான் மூன்றாவது வாரத்திலேயே நின்றிருப்பேன், இது உறுதி.

சரி, எங்கே கஷ்டப்பட்டேன்? மெர்ஜ் சார்ட்டில், அதாவது ஒரு பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து, அடுக்கி, மறுபடி சேர்க்கும் முறையில். ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலைக்காக எழுதி வைக்கும் நிரல் துண்டு) தன்னைத்தானே கூப்பிடுகிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை. வீடியோவை நாலு தடவை பார்த்தேன். மறுநாள் மதியம் ஆபீஸ் தம்பியிடம் கேட்டேன். அவர் பழைய பில் 16 எடுத்து, கலைத்து, என் மேஜையில் வைத்தார். "அக்கா, எட்டு எட்டா பிரிங்க. அந்த எட்டை அடுக்கத் தெரியுமா? தெரியாதுன்னா நாலு நாலா பிரிங்க." நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, மேஜை முழுக்க ஒற்றை ஒற்றை பில்லாகக் கிடந்தது. ஒரே ஒரு பில்லை அடுக்க வேண்டியதே இல்லையே! அங்கிருந்து இரண்டிரண்டாகத் தேதி பார்த்துச் சேர்த்துக்கொண்டே வந்தோம். பத்து நிமிடம் ஆகியிருக்காது. அன்றிரவு அதே வீடியோவை ஐந்தாவது முறை பார்த்தபோது ஒவ்வொரு வரியும் புரிந்தது. பாடம் நடத்தியவர்மேல் குறையே இல்லை, இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் எங்கே முழிக்கிறேன் என்று பார்த்துச் சொல்ல எதிரே ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எதிர்வீட்டுப் பெண் படும் பாட்டைப் பார்த்ததால்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் வாங்கலாம். நல்ல விதி, ஊர்க் கல்லூரியில் இல்லாத பாடத்தையும் படிக்கலாம். ஆனால் அவள் கல்லூரியில் இதை எப்படிச் செயல்படுத்தினார்கள் தெரியுமா? எல்லாரும் பதிவு செய்து பணம் கட்டுங்கள் என்று சுற்றறிக்கை விட்டதோடு சரி. சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியர் கிடையாது, வாரத்தில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? டெலிகிராம் குழுவில் வரும் விடைகளை அப்படியே போட்டுவிட்டார்கள், இப்போது ஏஐ வேறு இருக்கிறது. பயிற்சியில் 25-க்கு 24. தேர்வில் 75-க்கு 27. பெரும்பாலான பாடங்களில் பயிற்சிக்குக் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 வேண்டும், ஆக அவளுக்குச் சான்றிதழ் இல்லை. கெட்டிக்காரப் பெண், அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எங்கள் ஆபீஸ் தம்பி மாதிரி ஒருவர் அந்தக் கல்லூரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நல்ல வீடியோ வந்துவிட்டது என்பதற்காக வகுப்பில் நிற்கிற ஆசிரியரைக் கழற்றிவிடுவது அநியாயம்.

தேர்வைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து எழுத முடியாது. நேரில் மையத்துக்குப் போய், அடையாள அட்டை காட்டி, கம்ப்யூட்டரில் மூன்று மணி நேரம். என் மையம் திருச்சிக்கு வெளியே ஒரு கல்லூரி. அங்கே பையையும் போனையும் வைக்க இடமே கொடுக்கவில்லை, வாசல் டீக்கடை அண்ணன்தான் வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே போனால் கல்லூரிப் பிள்ளைகளோடு தலை நரைத்தவர்கள், பணி உயர்வுக்காக எழுத வந்த விரிவுரையாளர்கள், கைக்குழந்தையை வாசலில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண். எங்கள் சித்தி ஒரு காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழி எம்.ஏ. படித்தார். தபாலில் கட்டுக்கட்டாகப் பாடம் வரும், அடுப்படியில் வைத்துப் படிப்பார். "தபால்ல படிச்சதுதானே" என்று அவரை இளக்காரமாகப் பேசியவர்கள் உண்டு. இங்கே ஐஐடி மாணவன் எழுதினாலும் நான் எழுதினாலும் ஒரே கேள்வித்தாள், ஒரே மதிப்பெண் முறை. அலைச்சல்தான், ஆனால் நேரில் வைக்கும் இந்தத் தேர்வை மட்டும் ஒருநாளும் கைவிட்டுவிடாதீர்கள் என்று என்பிடெல்காரர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடம் ஆங்கிலத்தில்தான், தேர்வும் அப்படியே. பல பாடங்களுக்கு உரையின் தமிழ் மொழிபெயர்ப்பைப் போட்டிருக்கிறார்கள், சேருவதற்கு முன் உங்கள் பாடத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நான் முதல் இரண்டு வாரம் சப்டைட்டில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மூன்றாவது வாரம் காது பழகிவிட்டது.

பயிற்சியும் தேர்வும் சேர்த்து எனக்கு நூற்றுக்கு 71 வந்தது. 60-க்கு மேல் என்பதால் எலீட் சான்றிதழ், போட்டோவோடு. யாருக்குப் பரிந்துரைப்பேன்? வாரத்துக்கு ஆறு மணி நேரமாவது ஒதுக்க முடிகிறவர்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு. சேரும்போது கூடவே இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆபீசிலோ தெருவிலோ. ஜனவரி செமஸ்டருக்கு நானும் எதிர்வீட்டுப் பெண்ணும் ஒரே பாடத்தில் பதிவு செய்திருக்கிறோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்காருவது என்று பேசி வைத்திருக்கிறோம், அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.