டான்ஸ் ஷூவுக்குக் கால் அளக்கும் முகாம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோத்தகிரியில் வருகிற மாதம் டான்ஸ் ஷூவுக்கு அளவெடுக்கும் முகாம் என்று ஒரு நோட்டீஸ் நேற்று எங்கள் பெற்றோர் வாட்ஸப் குழுவில் வந்தது. அதே எழுத்து, அதே சிவப்பு ஷூ படம். போன ஜனவரியில் குன்னூரில் எங்களிடம் 3,600 ரூபாய் வாங்கிக்கொண்டு போன அதே ஆட்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் என்ன நடந்தது, காலை எப்படி அளந்திருக்க வேண்டும் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு பிள்ளையின் கால் நகம் கறுத்துப் போக வேண்டாம்.

என் மகளுக்கு 13 வயது. இரண்டு வருடமாக சா-சா-சா, ரும்பா என்ற லத்தீன் நடனங்களைக் கற்றுக்கொள்கிறாள். இதுவரை பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூவிலேயே ஆடிவந்தாள். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும்போது பாதம் அப்படியே நின்றுவிடும், திருகல் முழுக்க முழங்காலில் போய் விழும், அதனால் ஸ்வேடு தோல் (பளபளப்பில்லாமல் மெல்லிய சொரசொரப்போடு இருக்கும் தோல்) அடி வைத்த ஷூவாக வாங்கிவிடுங்கள் என்று மாஸ்டர் சொன்னார். இங்கே குன்னூரிலும் ஊட்டியிலும் நான் கேட்ட கடைகளில் அது இல்லை. அப்போதுதான் கீழே இருந்து இவர்கள் மேலே வந்து பெட்ஃபோர்டு பக்கம் ஒரு சின்ன ஹாலில் முகாம் போட்டார்கள். ஒவ்வொருவர் காலையும் தனித்தனியாக அளந்து தைத்துத் தருவோம் என்றார்கள், நம்பினேன்.

காலை எட்டரை மணி. தை மாதக் குளிர். வாசலில் நின்றவர்கள் எல்லாம் ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாக இருந்தோம். என் மகளை நாற்காலியில் உட்கார வைத்து, கம்பளி சாக்ஸைக்கூடக் கழற்றச் சொல்லாமல், வலது காலை மட்டும் ஒரு பிளாஸ்டிக் அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தார் அந்தத் தம்பி. அரை நிமிடம்கூட ஆகவில்லை. இடது காலைத் தொடவே இல்லை, அகலத்தைப் பார்க்கவே இல்லை. சீட்டில் '37' என்று மட்டும் எழுதி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டேன், ஷூவோடு சேர்த்து அனுப்புவோம் மேடம் என்றார்கள். அந்தச் சீட்டுத்தான் இன்றுவரை என்னிடம் இருக்கும் ஒரே காகிதம்.

ஐந்து வாரம் கழித்து கூரியரில் ஷூ வந்தது. முன்பக்கம் மூடிய பயிற்சி ஷூ, ஒன்றரை அங்குல ஹீல், பார்க்க அழகாகத்தான் இருந்தது. போட்டதும் விரல் முட்டுகிறது என்றாள். போன் பண்ணினேன். "தோல் ஷூ மேடம், நாலு நாள் போட்டா இளகிடும்" என்றார்கள். அதையும் நம்பி ஆட அனுப்பினேன், அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. மூன்று வகுப்பு முடிவதற்குள் குதிகாலில் கொப்புளம், இடது கட்டைவிரல் நகத்தின் அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிட்டது. போட்டிக்கு ஆள் எடுக்கும் நேரம் என்பதால் வலியை வெளியே சொல்லாமல் ஆடியிருக்கிறாள்.

எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கொஞ்சம் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்கத்தான் போனேன். ஷூவைத் திருப்பிப் பார்த்தவர் முதலில் கேட்டது, "உட்கார வச்சா அளந்தாங்க?" ஆமாம் என்றேன். "பாப்பாவை நாளைக்குச் சாயங்காலம் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

மறுநாள் அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பழைய மாதக் காலண்டர் தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் வெறுங்காலோடு இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்கச் சொன்னார். பென்சிலை நட்டுக்குத்தலாகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு போட்டார். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் அளவு குறையும், வெளியே சாய்ந்தால் கூடும். குதிகாலின் கடைசியிலிருந்து அதிகம் நீண்டிருக்கும் விரல் வரை ஸ்கேல் வைத்தார். என் மகளுக்கு நீண்டிருப்பது கட்டைவிரல் இல்லை, அடுத்த விரல், அது எனக்கே அன்றுதான் தெரியும். அப்புறம் பாதத்தின் அகலமான இடத்தில், கட்டைவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் சேர்த்து, ஒரு நூலைச் சுற்றி அதையும் அளந்தார். வலது கால் 232 மில்லிமீட்டர், இடது 235. அளவெடுத்தவர்கள் தொடாமல் விட்டது அந்த இடது காலைத்தான். பெரிய காலுக்குத்தான் ஷூ எடுக்க வேண்டும்.

ஒரு சந்தேகத்தில், அடுத்த நாள் விடிகாலையில் வீட்டில் அவளை உட்கார வைத்து அதே இடது காலை அளந்து பார்த்தேன். 230தான் வந்தது. ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்த கால், அதுவும் மலைக்குளிரில் சுருங்கிய கால், எடையும் ஏறவில்லை. சாயங்காலம், நடந்து ஏறி இறங்கிய பிறகு, நின்றால் பாதம் பரந்து நீள்கிறது. ஆடும்போது இருப்பது அந்தக் கால்தான். ஒரே காலில் ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம். ஐரோப்பிய நம்பரில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே சுமார் 6.7 மில்லிமீட்டர்தான், நம் பக்கம் பழக்கமான இங்கிலாந்து நம்பரில் சுமார் 8.5.

இன்னும் ஒன்று. அந்த அண்ணன் தாளில் வரைந்த பாதத்தைக் கத்தரித்து, அதை ஷூவுக்குள் நுழைத்துக் காட்டினார். தாள் முன்னால் மடங்கி, பக்கத்தில் சுருங்கி, கசங்கிய இலை மாதிரி நின்றது. "தோல் அகலத்துல கொஞ்சம் விடும், நீளத்துல விடாதும்மா" என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே ஒட்டியிருந்த சைஸ் ஸ்டிக்கரை நகத்தால் கீறினார். 37 உரிந்து வந்தது. அடியில் தோலில் அழுத்திய 36.

அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அளவு தப்பு என்றால் கவனக்குறைவு என்று விடலாம். கையில் இருந்த சரக்கில் வேறு நம்பரை ஒட்டி அனுப்பினால் அதற்குப் பெயர் வேறு. தனியாகத் தைத்த ஷூ என்றால் பழைய நம்பர் எப்படி அடியில் இருக்கும்?

திரும்பப் போன் செய்தேன். ஆர்டர் ஷூ, போட்டு ஆடிவிட்டீர்கள், அடி அழுக்காகிவிட்டது, ரிட்டர்ன் கிடையாது என்றார்கள். ஸ்டிக்கர் போட்டோவை அனுப்பியதும் என் நம்பரைத் தடை செய்துவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், தமிழிலேயே பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதும், ரசீதில் காலக்கெடு எதுவும் இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. உதவி எண்ணில் தீரவில்லை என்றால் அங்கே போவதாக இருக்கிறேன்.

கோத்தகிரி முகாமுக்குப் போயே ஆக வேண்டும் என்றால், வீட்டிலேயே சாயங்காலம் இரண்டு காலையும் தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். சீட்டில் மில்லிமீட்டரில் நீளமும், நூல் சுற்றளவும், எந்த நாட்டு நம்பர் என்பதும் எழுதி வாங்குங்கள். ஏனென்றால் பெண்கள் ஷூவில் அமெரிக்க 6ம் இங்கிலாந்து 4ம் கிட்டத்தட்ட ஒன்று, வெறும் நம்பரை வைத்து நாளைக்கு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்து, நம்மவர்கள் பாதம் ஐரோப்பியர்களைவிட அகலம் என்று கண்டிருக்கிறது, அதனால் அகலத்தைப் பார்க்காமல் விடும் ஆளிடம் ஷூவே வேண்டாம்.

ஷூ வந்ததும் வெளியில் நடக்காதீர்கள், ஸ்வேடு அடியில் ஈரம் பட்டால் போச்சு. கட்டிலுக்குப் பக்கத்தில் சுத்தமான போர்வை விரித்து அதன்மேல் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் மடங்கக் கூடாது, குதிகால் வழுக்கக் கூடாது. பட்டையைப் போடும்போது நடு ஓட்டையில் நிற்க வேண்டும், புதிதாக இருக்கும்போதே கடைசி ஓட்டைக்குப் போனால் தோல் இளகியதும் இறுக்க இடமிருக்காது. வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி வாங்க வேண்டாம், ஆடும்போது பாதம் உள்ளே சறுக்கிக் கணுக்கால் பிசகும்.

மகள் இப்போது மறுபடி கேன்வாஸ் ஷூவில் ஆடுகிறாள், மாஸ்டர் திருப்பங்களைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். நகத்தில் கறுப்பு பாதி மேலே ஏறிவிட்டது. போன ஜனவரியில் அந்த ஹாலில் எங்களோடு வரிசையில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், ஷூவுக்குள் இருக்கும் ஸ்டிக்கரை ஒரு முறை உரித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.