யோஷிமுராவா, கிரெஸ்லிங்கா: மடிப்பு உருளைக்கு எது ஏற்றது?

தோற்றம்: இவை தாளிலோ தகட்டிலோ மடிப்புகளிட்டு உருளை செய்யும் இரு வடிவங்கள்; ஆராய்ந்தவர்களின் பெயரையே பெற்றவை. அச்சுவாக்கில் அழுத்தப்படும் மெல்லிய உருளை வைர வடிவங்களாக நசுங்குவதை ஜப்பானிய ஆய்வாளர் யோஷிமுரா 1950களில் ஆராய்ந்தார்; முறுக்கும்போது எழும் சாய்வு மடிப்புகளைப் பாரிஸில் பணியாற்றிய பிருதா கிரெஸ்லிங் பிற்பாடு ஆராய்ந்தார்.

உறுதி: யோஷிமுரா வடிவம் பக்கவாட்டு அழுத்தத்தை நன்கு தாங்குவதால், ஜப்பானில் பானக் கேன்களிலும் இடம்பெற்றது. கிரெஸ்லிங் இதில் பின்தங்கியதே.

இயக்கம்: கிரெஸ்லிங் உருளை சுழன்றபடியே சுருங்குவதோடு, மடிப்புக் கோணம் பொருத்தமாக அமைந்தால் விரிந்த நிலை, சுருங்கிய நிலை இரண்டிலும் தானாகவே நிற்கிறது; ஆயினும் இடையில் அதன் முகங்கள் சற்றே வளைய வேண்டியிருப்பதால் விறைப்பான தகடு இதற்கு ஒவ்வாது.

செய்முறை: இரண்டுக்கும் பொறுமை வேண்டும், ஒட்டும் விளிம்பில் பிசகினால் உருளை கோணிவிடும்.

அசையாத உறைக்கு யோஷிமுராவையும், சுருங்கி விரியும் கருவிக்குக் கிரெஸ்லிங்கையும் தேர்வது தகும்.