விட மறுக்கும் பூட்டு: ஒரு டைட்டானிய மடக்குக் கத்தி குறித்து

நான் 620 வெள்ளி கொடுத்து வாங்கிய டைட்டானிய மடக்குக் கத்தி இப்போது 400 வெள்ளிக்கும் கீழே வந்துவிட்டது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அலகின் நீளம், எடை, பிடியின் அளவு எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். விற்பனை விவரத்தில் இடம்பெறாத பூட்டைப் பற்றி, அதாவது திறந்த அலகு தானாக மடங்காமல் பிடித்து நிறுத்தும் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன் அலகுக்குரிய பாராட்டைச் சொல்லிவிடுவதே நியாயம். எங்கள் புளோக்கின் கீழுள்ள சமூகத் தோட்டத்தில் வாழை இலை அறுப்பதற்கும், பாகல் பந்தலின் கயிற்றை வெட்டுவதற்கும், உரமூட்டையைப் பிரிப்பதற்கும் இதையே பயன்படுத்தி வருகிறேன். வாழைச் சாறும் இந்த ஊரின் ஈரக்காற்றும் சேர்ந்தால் சாதாரண இரும்பு சீக்கிரமே கறுத்துத் துருவேறிவிடும். இதன் எஸ்35விஎன் எஃகில் 14 விழுக்காடு குரோமியம் இருப்பதால் இன்றுவரை ஒரு துருப்புள்ளிகூட விழவில்லை. தீட்டிய கூரும் நெடுநாள் நிற்கிறது.

குரூசிபிள் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் அந்த எஃகைக் கொண்டுவந்தபோது அதில் பங்காற்றிய கத்தித் தயாரிப்பாளர் கிறிஸ் ரீவ்தான் இக்கத்தியில் உள்ள பிரேம் லாக் வகைப் பூட்டையும் உருவாக்கியவர். தனித் தகடு ஏதுமில்லாமல், பிடியின் ஒரு பக்கமே நெடுக வெட்டப்பட்டு வளைந்துகொடுக்கும் சட்டமாகிறது. அலகு முழுதாகத் திறந்ததும் அச்சட்டம் உள்ளே நகர்ந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் ஆப்பாக இறங்கிக்கொள்கிறது. மூட வேண்டுமானால் பெருவிரலால் சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். சட்டம் வந்து முட்டும் அலகின் முகப்பில் சாய்வு அதிகமானால் பூட்டு வழுக்கிவிடும், குறைந்தால் இறுகிக்கொள்ளும். டைட்டானியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. கடினமான எஃகோடு அழுந்தி உரசும்போது அது அதனோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். நல்ல தயாரிப்பாளர்கள் சட்டத்தின் நுனியில் எஃகுத் துண்டு ஒன்றைப் பொருத்துவதும், முகப்பை மழமழவென்று மெருகேற்றுவதும் இதற்காகத்தான். நான் வாங்கியபோது என் கத்தியில் எஃகுத் துண்டும் இல்லை, மெருகும் இல்லை.

விளைவு என்னவென்றால், பூட்டு பிடித்த பிடியை விடாது. மெதுவாகத் திறந்தாலே சட்டம் ஒட்டிக்கொண்டது. வாழைத்தண்டு போன்ற எதையாவது அழுத்தி வெட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் பிடியை இறுகப் பற்றும் விரல்களே சட்டத்தை மேலும் உள்ளே தள்ளிவிடுகின்றன. நகம் வலிக்கத் தள்ளினால் சட்டம் சட்டென்று விலகும். அந்த நொடியில் பெருவிரல் அலகின் பாதையில் இருக்கும். பென்சில் கரியை முகப்பில் தேய்த்துப் பார்த்தேன். சில நாள்கள் இலகுவாக மூடியது, பிறகு பழைய கதைதான். எண்ணெய் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், உராய்வை நம்பி நிற்கும் பூட்டு அதனால் வழுக்கக்கூடும்.

விற்ற கடையில் முறையிட்டபோது, "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார்கள். இந்தப் பதில்தான் என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது. பழகுவது என்றால் இங்கே தேய்வது என்று பொருள். தேயத் தேயச் சட்டம் அலகின் அடியில் மேலும் மேலும் மறுபக்கம் நோக்கி நகரும். கடைசியில் எதிர்ப்பக்கச் சுவரைத் தொட்டபின் அலகு ஆடத் தொடங்கும். ஆகவே, தொழிற்சாலையில் முடித்திருக்க வேண்டிய வேலையைப் பூட்டின் ஆயுளைச் செலவழித்து நான் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்தப் பதிலின் உட்பொருள். 620 வெள்ளி கொடுத்தவரிடம் இப்படிச் சொல்லலாமா?

ஒருநாள் பக்கத்துப் பாத்தியில் கீரை வளர்க்கும் சீன மூதாட்டி கயிறு அறுக்கக் கத்தியைக் கேட்டு வாங்கினார். வேலை முடிந்தபின் அவரால் அதை மூட முடியவில்லை. யார் கையிலும் படக்கூடாது என்று அலகை மண்ணில் ஆழக் குத்திவைத்துவிட்டு என்னை அழைத்தார். அவர் செய்ததுதான் சரி. ஆனால் முதிய கைகளால் மூட முடியாத மடக்குக் கத்தியைப் பொதுத் தோட்டத்தில் வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுவாரமே கடைக்குப் போய், தயாரிப்பாளருக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று நின்றேன்.

திரும்பி வந்த கத்தி வேறு கத்தியாக இருந்தது. அலகின் முகப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, சட்டத்தின் இறுக்கத்தையும் சற்றுத் தளர்த்தியிருந்தார்கள். இப்போது பெருவிரலின் லேசான அழுத்தத்துக்கே பூட்டு விலகுகிறது. திறந்த நிலையில் மேலும் கீழும் துளியும் ஆட்டமில்லை. நான் பயன்படுத்திய மடக்குக் கத்திகளில் இதுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

இருந்தும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. விலை குறைத்து விற்கப்படுபவை அதே பழைய கத்திகள்தான். விற்பனை விவரத்தில் எந்த மாற்றமும் குறிப்பிடப்படவில்லை. செய்து தரக்கூடிய வேலையை முதலிலேயே செய்யாமல், வற்புறுத்திக் கேட்டவருக்கு மட்டும் செய்து கொடுத்தவர்கள் அதன் தயாரிப்பாளர்கள். பெஞ்ச்மேட் நிறுவனம் 1998இல் ஆக்சிஸ் என்ற பெயரில் கொண்டுவந்த, பிடியின் குறுக்கே நிற்கும் சிறு தண்டு அலகைப் பிடித்துக்கொள்ளும் குறுக்குத்தண்டுப் பூட்டு வகையை இப்போது பல தயாரிப்பாளர்கள் செய்கிறார்கள். அதை மூடும்போது விரல் அலகின் பாதையில் வருவதே இல்லை. பிரேம் லாக்தான் வேண்டுமென்றால், சட்டத்தின் நுனியில் எஃகுத் துண்டு இருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே திறந்து, பிடியை இறுகப் பற்றி, பின் ஒற்றைப் பெருவிரலால் மூடிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்கவும்.