வெள்ளத்தில் நின்ற காரை ஏன் விற்கவில்லை: 15 வருட டீசல் கார் அனுபவம்

2025 செப்டம்பர் 22-ம் தேதி சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்டது உவரியில் இருக்கும் மச்சினன். "அத்தான், ரெண்டு மாசம் பொறுத்திருந்தீங்கன்னா புதுசே எடுத்திருக்கலாம்லா? அந்தப் பழைய வண்டிக்குப் போயி இவ்வளவு ரூவா செலவழிச்சிருக்கீங்க." அவனிடமும் அதே வருடத்து வண்டி ஒன்று நிற்கிறது. ரிப்பேர் பார்ப்பதா, கொடுத்துவிடுவதா என்று அவனுக்கும் ரோசனை. அவனுக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வண்டி 2010 ஆகஸ்ட், டிஎன் 72 பதிவு, டீசல். ஓடியது 1,86,000 கிலோமீட்டர். இதுவரை எஞ்சின் ஹெட்டைத் திறந்ததில்லை. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் அந்தச் செலவும் இல்லை. அம்பை ரோட்டில் நிதானமாகப் போனால் இன்றைக்கும் லிட்டருக்கு 20 தருகிறது. சாரல் நேரத்தில் ஐந்து பேர், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போய்த் திரும்பினாலும் மூச்சு வாங்காது. 2020-ல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இந்த அளவில் டீசல் கார் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. இந்த எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் ஒரு வாடையைப் பற்றியது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து தாமிரபரணி கூப்பிடு தூரம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, விடியலிலிருந்து விடாத மழை. அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அணைத் தண்ணீரும் காட்டாற்றுத் தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணி கரையை மீறி வந்தது. இரவில் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது அம்மாவை மாடிக்கு ஏற்றுவதா, காரை எடுப்பதா என்ற யோசனைக்கே இடமில்லை. விடிந்து பார்த்தால் சீட்டின் அடிவிளிம்பு வரை தண்ணீர். சாவியை மட்டும் தொடவில்லை. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பக்கத்துத் தெருவில் ஒருவர் அவசரத்தில் ஸ்டார்ட் செய்து எஞ்சினை இழந்தார்.

அந்த ஆகஸ்டில்தான் காப்பீட்டை மூன்றாம் நபர் காப்பீடாக மட்டும் குறைத்திருந்தேன். பழைய வண்டிதானே என்று 4,000 ரூபாய் மிச்சம் பிடித்தேன். வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வரவில்லை. ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் வண்டிக்கு எத்தனை வயதானாலும் இதைச் செய்ய வேண்டாம்.

கயிறு கட்டி இழுத்துப்போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். எஞ்சின் ஆயில் மாற்றினார்கள், டேங்கைக் கழற்றிக் கழுவினார்கள், டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் பிரித்துச் சரிசெய்தார்கள், வீல் பேரிங் இரண்டு போட்டார்கள். பில் 31,000. அதில் "உள்புறச் சுத்தம்" என்று 6,000 ரூபாய். வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

பொங்கல் கழிந்து வெயில் ஏறியபோது வாடை தொடங்கியது. ஏசி போட்ட முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பேட்டையைத் தாண்டுவதற்குள் வந்துவிடும். ஆற்று வண்டலும் ஈரச் சாக்கும் சேர்ந்து மட்கிய வாடை. வீட்டுக்காரி தலை நிறைய பிச்சிப்பூ வைத்துக்கொண்டு ஏறினாலும் அந்த வாடைதான் முன்னால் நிற்கும். அடுப்புக்கரியைத் துணியில் கட்டி சீட்டுக்கு அடியில் வைத்தேன். காப்பித்தூள் வைத்தேன். வேப்பிலைப் புகை போட்டேன். ஏசி ஃபில்டரை இரண்டு முறை மாற்றினேன். கடையில் விற்கும் வாசனைத் திரவங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எலுமிச்சை வாடையும் சேற்று வாடையும் கலந்தால் தனிச் சேற்று வாடையே தேவலை. மாதம் ஒருமுறை அம்மாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். இறங்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் எனக்கு உறைத்தது.

கல்லிடைக்குறிச்சியில் பெரியம்மா வீட்டுக்குப் போனால் திரும்பும்போது அப்பளக் கட்டு இல்லாமல் விடமாட்டார்கள். பேப்பரில் சுற்றிய கட்டை இடதுபக்க சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுவருவேன். வெள்ளத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு கட்டும் வீடு சேரும்போது அடிப்பக்கம் நமத்திருந்தது. பெரியம்மா சரியாகக் காயவைக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். அந்த அப்பளம் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் என் காரின் தரை தப்பித்திருக்கும்.

2025 ஜூனில் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் இடது முன் டயர் பஞ்சர். ஜாக்கியை அதற்குரிய இடத்தில் வைத்துச் சுற்றினேன். ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை. நொறுக்கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரத்துக்குள் ஜாக்கியின் தலை புதைந்திருந்தது. விரலால் தொட்டேன், துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

பேட்டைப் பக்கம் தகர வேலை பார்க்கும் ஒரு டிங்கரிடம் கொண்டுபோனேன். அறுபது வயதிருக்கும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அடித்தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று வந்த சத்தம் இடது முன்பக்கம் வந்ததும் தொப் என்று விழுந்தது. பிறகு உள்ளே போய் கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஃபெல்ட் துணி. அதைப் பிழிந்தார். ஜூன் மாதம், மழை இல்லாத ஊரில், கையளவு தண்ணீர் கொட்டியது.

"அண்ணாச்சி, இது வெள்ளத்துத் தண்ணி இல்ல. இம்புட்டு நாளா நிக்காது. ஏசி போட்டு நிறுத்துனா வண்டிக்கு அடில தண்ணி சொட்டுதா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், கத்திரி வெயிலில்கூட என் வண்டி நின்ற இடத்தில் ஈரம் பார்த்த நினைவே இல்லை. பக்கத்து வண்டிகளுக்கு அடியில் குட்டை நிற்கும், என் வண்டிக்கு அடியில் தரை காய்ந்து கிடக்கும்.

ஏசியின் கூலிங் காயிலில் காற்றிலுள்ள ஈரம் பட்டு நீராகும். அந்த நீர் விரல் கனத்தில் ஒரு ரப்பர் டியூப் வழியாக வெளியே போக வேண்டும். என் வண்டியில் அந்த டியூப் முழுக்க வெள்ளத்தின் வண்டல் இறுகி அடைத்திருந்தது. போக வழியில்லாத நீர் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கசிந்து ஃபெல்ட்டில் இறங்கியிருக்கிறது. வாடைக்கு பயந்து நான் ஏசியைக் கூட்டி வைக்க வைக்க, ஃபெல்ட் இன்னும் நனைந்திருக்கிறது. ஒன்றரை வருடம் ஈரச் சாக்கைத் தகரத்தின் மேல் போர்த்தி வைத்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? டிங்கர் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். களிமண் குச்சியாக வந்து விழுந்தது. அதற்கு அவர் காசே வாங்கவில்லை.

அந்த ஒர்க்‌ஷாப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, நனைந்த ஃபெல்ட்டை வெளியே எடுக்காமல் மேலே கார்ப்பெட்டைக் கழுவிப் போட்டு மூடிவிட்டார்கள். அன்றைய நிலையையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் வாசலில் நாற்பது வண்டி சேற்றோடு நின்றது, கரண்ட் ஒழுங்காக வரவில்லை, வேலை பார்த்த பையன்களின் வீட்டிலேயே தண்ணீர். என் எஞ்சினைக் காப்பாற்றியதும் அவர்கள்தான். ஆனாலும் "ஃபெல்ட் காயல, ரெண்டு நாள் வெயில்ல போடணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே மொட்டைமாடியில் காயப்போட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கோபம்.

இனி, விற்பதா வைப்பதா என்ற கதை. பழைய வண்டி வாங்குகிறவர் 70,000 தருவதாகச் சொன்னார். டிங்கர் வேலை, தகரம், பெயிண்ட் எல்லாம் 16,500. புது ஃபெல்ட் 3,800. எப்படியும் வண்டியைப் பிரிக்கிறோமே என்று தேய்ந்துபோன கிளட்ச்சையும் மாற்றினேன், 13,200. மொத்தம் 33,500. "எழுவதாயிரம் வண்டிக்கு இம்புட்டுச் செலவா?" என்று கேட்காத ஆள் இல்லை. நான் விற்கப் போவதாக இருந்தால் அந்தக் கணக்கு சரி. என்னிடம் 70,000 ரூபாயைக் கொடுத்து, இதே மாதிரி எஞ்சின் உள்ள, வரலாறு முழுக்கத் தெரிந்த ஒரு வண்டியை வாங்கிவரச் சொன்னால் எங்கே போவேன்?

புதுவண்டிக் கணக்கையும் போட்டேன். வரிக்கு முன் 5 லட்சம் விலையுள்ள சின்ன பெட்ரோல் கார் முன்பு 29 சதவீத வரியோடு 6,45,000; இப்போது 18 சதவீதத்தோடு 5,90,000. 55,000 ரூபாய் குறைவு, பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் 6 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டி என்றால் முதல் வருட வட்டியே 50,000-ஐத் தொடும். வெள்ளச் செலவை விட்டுவிட்டால் கடந்த மூன்று வருடத்தில் இந்த வண்டிக்கு சர்வீஸ், ரிப்பேர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 26,000 ரூபாய்தான் ஆகியிருக்கிறது. விலை குறைந்ததால் என் கணக்கு மாறவில்லை.

கணக்கை விடவும் முடிவு செய்தது டிங்கர் தட்டிய சத்தம்தான். "சீட்டு போல்ட் புடிக்கிற குறுக்குச் சட்டம் கெட்டியா இருக்கு. சஸ்பென்ஷன் மாட்டுற எடமும் நல்லாருக்கு. இதுல ஒண்ணு போயிருந்தா நானே வேண்டாம்னு சொல்லிருப்பேன் அண்ணாச்சி, வெல்டிங் காசு எனக்கு வேண்டாம்." கிளட்ச், பம்ப், பேரிங், எதுவானாலும் கழற்றி மாட்டலாம். மோதினால் நம்மைத் தாங்குகிற தகரம் மட்கிவிட்டால் மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து மறைக்கத்தான் முடியும். அழுகிய இடத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்து, புது ஷீட் வைத்து வெல்டிங் அடித்து, ரெட் ஆக்சைடு பூசியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆகஸ்டில் 15 வருடம் முடிந்ததும் தகுதிச் சான்றுக்கு எஃப்சி காட்டினேன். பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 5,000, பசுமை வரி தனி. 2030 வரை பதிவு இருக்கிறது. டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் என்று இன்னும் பலர் பயமுறுத்துகிறார்கள். அது டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கும் போட்ட விதி, திருநெல்வேலிக்கு இல்லை.

மச்சினனுக்கு நான் சொன்னது: "குடுத்துரு." அவன் எஞ்சினும் என்னுடையதைப் போலவே இழுக்கும். ஆனால் 15 வருடம் உவரிக் கடற்காற்றில் நின்ற வண்டி. போன மாதம் போயிருந்தபோது நானே அடியில் படுத்துத் தட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தொப் என்றுதான் விழுந்தது, சஸ்பென்ஷன் மாட்டும் இடம் உட்பட. அதற்கு எவ்வளவு செலவழித்தாலும் வீண். இந்த விலைக்குறைப்பு அவனுக்குத்தான் வந்த மாதிரி.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. முன்சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மண் கோடு தெரிந்தால் அந்த வண்டி தண்ணீரில் நின்றது. கார்ப்பெட்டுக்கு மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஏசியைப் போட்டுக் கால்மணி நேரம் நிறுத்தி, கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். என் வண்டியையே நான் விற்க வந்தால்கூட வாங்காதீர்கள். வெள்ளம் பார்த்த வண்டியை அதன் சொந்தக்காரன் வைத்துக்கொள்ளலாம், அடுத்தவன் வாங்கக்கூடாது.

எனக்கு நிம்மதி முழுதாக வந்துவிட்டதா என்றால் இல்லை. ஐப்பசி அடைமழையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த வாடை லேசாக வருகிறது. வீட்டுக்காரி இல்லை என்கிறாள். அம்மாவும் மூக்கைத் துடைப்பதில்லை. எனக்கு வருகிறது. அப்போதெல்லாம் கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்றுதான் தோன்றுகிறது. நேற்று கனமழை எச்சரிக்கை வந்ததும் வண்டியைப் பாளையங்கோட்டைக்கு ஓட்டிப்போய், மேட்டில் இருக்கும் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கிக் குனிந்து அடியில் பார்த்தேன், சொட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.