வீட்டு ஃபயர்வாலுக்கு எந்த நெட்வொர்க் கார்டு? போர்டோடு வந்ததா, சர்வரில் கழற்றியதா, மினி பிசியா

சென்னை திருவான்மியூரில் கடலுக்கு நான்கு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வால் மென்பொருளைப் போட்டு, ஐந்து வருடமாக அதையே வீட்டு நெட்டுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலாக ஓட்டி வருகிறேன். போன ஐப்பசியில் தினமும் இரவு எட்டரை வாக்கில் நெட் அறுந்து அறுந்து வந்தது. மனைவிக்கு அமெரிக்க அலுவலகத்தோடு மீட்டிங் நடக்கும் நேரம் அது. "என்னங்க, மறுபடியும் போயிடுச்சு" என்று உள்ளறையிலிருந்து குரல் வரும். நெட்வொர்க் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பச் சட்டையும் மாட்டிவிட்டேன்.

கிளம்பும் முன் இன்டர்ஃபேஸ் புள்ளிவிவரத்தை ஒரு தடவை திறந்து பார்த்தேன். வீட்டுப் பக்கத்துப் போர்ட்டில் பிழை பூஜ்யம். வெளிப்பக்கத்தில் உள்வரும் பிழை ஆயிரக்கணக்கில், பார்க்கும்போதே ஏறிக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் அது பால்கனி வழியாக மொட்டை மாடிக்கு ஏறுகிறது. பால்கனியில் இரண்டு கேபிளைச் சேர்த்திருந்த இடத்தில் ஆர்ஜே45 ஜாக்கைக் கழற்றி டார்ச் அடித்தேன். எட்டு உலோக நாக்குகளில் மூன்றில் பச்சை பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்றின் வேலை. பகலில் வெயிலில் காய்ந்து சமாளித்தது, இரவில் ஈரம் ஏறியதும் கைவிட்டது. இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புது ஜாக் கிரிம்ப் செய்தேன். அன்றைக்கே பிழை நின்றது.

அதனால் கார்டுகளை ஒப்பிடுவதற்கு முன் குற்றவாளி கார்டுதானா என்று பார்த்துவிடுங்கள். ஃபயர்வால் லாக்கில் வரும் அறிகுறிகளை மூன்றாகப் பிரிக்கலாம். பிழை எண்ணிக்கை, குறிப்பாக டேட்டா வழியில் சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை, ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள் அல்லது ஜாக். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கலாம், அல்லது வராமலே போகலாம், அதுவும் நல்ல துப்பு. செம்பு பூசிய அலுமினியக் கம்பியை செம்புக் கம்பி என்று விற்கிறார்கள், அதையும் சந்தேகப்படுங்கள். இரண்டாவது, லிங்க் டவுன், லிங்க் அப் என்று மாறி மாறி வருவது. இதற்குக் கேபிள் காரணமாக இருக்கலாம், எதிர்முனையில் ஃபைபரை லேன் கேபிளுக்கு மாற்றித் தரும் ஓஎன்டி பெட்டியின் அடாப்டர் தளர்ந்திருக்கலாம், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஈஈஈ வசதி இரண்டு முனைக்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். மூன்றாவதுதான் உண்மையான கார்டு நோய்: லிங்க் விளக்கு எரிகிறது, டேட்டா போகவில்லை, லாக்கில் 'வாட்ச்டாக் டைம்அவுட்'. அனுப்பக் கொடுத்ததைச் சிப் அனுப்பி முடிக்கவில்லை, டிரைவர் காத்திருந்து பார்த்துவிட்டு ரீசெட் செய்கிறது என்று அதற்கு அர்த்தம்.

இன்னும் சந்தேகம் என்றால் வெளிப்பக்கத்தையும் வீட்டுப்பக்கத்தையும் போர்ட் மாற்றிக் கொடுங்கள். தொல்லை போர்ட்டோடு கூடவே நகர்ந்தால் கார்டு. வெளிப்பக்கத்திலேயே நின்றால் கேபிள் அல்லது ஓஎன்டி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டு மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது.

சரி, என் கதை ஒரு ஜாக்கோடு முடிந்தது. ஆனால் அதே மாதம் கீழ்வீட்டு மாமாவுக்கு நிஜமாகவே நெட்வொர்க் போர்ட் போனது. எங்கள் அடுக்ககத்துக்கு ஃபைபர் மொட்டை மாடிப் பெட்டி வரைக்கும்தான். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சாதாரண லேன் கேபிள் தொங்குகிறது. ஃபைபர் கண்ணாடி, மின்னலைக் கடத்தாது. செம்புக் கேபிள் கடத்தும். ஒரு ராத்திரி இடி இறங்கியதில் மாமாவின் மினி பிசியில் வெளிப்பக்கப் போர்ட் செத்துவிட்டது, மற்ற மூன்றும் நன்றாக இருந்தன. ஓய்வுபெற்ற வங்கிக்காரர், எதையும் கணக்குப் பார்த்துத்தான் செய்வார். "தம்பி, எது வேணா வாங்கலாம், அடுத்த மழைக்கும் தாங்கணும். தாங்கலைன்னா அந்த ஒண்ணை மட்டும் மாத்தற மாதிரி இருக்கணும்" என்றார். அவர் சொன்ன இந்த அளவுகோலை வைத்துத்தான் கீழே உள்ளதை எடைபோட்டேன்.

போர்டிலேயே இருக்கும் ரியல்டெக்

மலிவான மதர்போர்டுகளில் பெரும்பாலும் ரியல்டெக்கின் ஆர்டிஎல்8111 சிப் குடும்பம்தான். லினக்ஸில் இதைப் பற்றி அவ்வளவாகப் புகார் இல்லை. தகராறு ஓபிஎன்சென்ஸ், அதைப் போன்ற இன்னொரு மென்பொருளான பிஎஃப்சென்ஸ் இரண்டுக்கும் அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில். அங்கே கூடவே வரும் டிரைவரில் சில சிப் ரகங்கள் சுமை ஏறும்போது மேலே சொன்ன வாட்ச்டாக்கில் மாட்டிக்கொள்கின்றன. மருந்து உண்டு: ரியல்டெக்கின் சொந்த டிரைவர். ஓபிஎன்சென்ஸில் பிளக்இன்னாகவும், பிஎஃப்சென்ஸில் தனி பேக்கேஜாகவும் கிடைக்கிறது. போட்டுவிட்டு, பூட் ஆகும்போது புது மாட்யூல்தான் ஏறுகிறதா என்று லாக்கில் உறுதி செய்யுங்கள். பெரிய வெர்ஷன் மாறும்போதெல்லாம் மறுபடி பாருங்கள்.

காசு செலவில்லாத வழி என்பதால் இதை முதலில் முயலச் சொல்வேன். பலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் மின்னல் வரும் கேபிளைப் போர்டில் நேரடியாகச் செருக எனக்கு மனம் வராது. போர்ட் போனால் போர்டே கூடப் போகலாம்.

பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் பலவற்றில் ஐ217, ஐ218, ஐ219 என்று இன்டெல் சிப் இருக்கும். இன்டெல் என்றதும் நிம்மதியாகிவிட வேண்டாம். லினக்ஸில் இவை 'ஹார்ட்வேர் யூனிட் ஹேங்' என்று லாக்கில் எழுதிவிட்டு நின்றுபோவது தெரிந்த விஷயம். டிஎஸ்ஓ என்ற பாக்கெட் வெட்டும் வேலையைக் கார்டிடமிருந்து பிடுங்கி சிபியுவிடம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பொதுவாகவே ஃபயர்வாலில் டிஎஸ்ஓ, வரும் பாக்கெட்டுகளை ஒட்டிச் சேர்க்கும் எல்ஆர்ஓ இரண்டும் அணைந்திருப்பதுதான் நல்லது. அவை டேட்டாவின் கடைசி முனையில் இருக்கும் கணினிக்கானவை, நடுவில் நின்று கடத்திவிடும் பெட்டிக்கு அல்ல.

சர்வரில் கழற்றிய இன்டெல் கார்டு

இன்டெல்லின் ஐ350 சிப் 2011இல் வந்தது. வயதானது என்பதே இதன் பலம். ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் இரண்டிலும் இதன் டிரைவர் பல வருடம் அடிபட்டுத் தேறியது. டேட்டா சென்டர்களில் சர்வர் மாற்றும்போது கழற்றியவை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. இரண்டு போர்ட் கார்டே வீட்டுக்குப் போதும். ஒரு போர்ட் மட்டும் வேண்டுமென்றால் ஐ210.

வாங்குவதில்தான் சூட்சுமம். முதலாவது போலி. இந்தக் கார்டுக்கு நகல்கள் ஏராளம், புதுசு போலப் பளபளவென்று பெட்டியோடு மலிவாக வருவதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். நான் தேடியது தூசி படிந்த, சர்வர் கம்பெனியின் பார்ட் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிய கார்டு. இரண்டாவது பிராக்கெட். சின்ன டெஸ்க்டாப்பில் அரை உயரத் தகடுதான் நுழையும்; கார்டில் முழு உயரத் தகடு இருந்தால் வீட்டுக்கு வந்து தலையில் கை வைக்க வேண்டியதுதான். மூன்றாவது ஸ்லாட். ஐ350 நான்கு தட (பிசிஐஇ x4) அகலமுள்ளது, கிராபிக்ஸ் கார்டு போடும் நீள ஸ்லாட்டில் தாராளமாக உட்காரும்.

நான் போன கடையில் "அண்ணே, ஒரு மெஷின்ல போட்டுக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன். "அதுக்கென்ன சார், உட்காருங்க" என்று திறந்து கிடந்த ஒரு போர்டில் செருகி, பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றினார். இரண்டு போர்ட்டிலும் கேபிள் மாற்றி மாற்றிப் போட்டு, பத்து நிமிடம் பெரிய ஃபைல் ஒன்றை ஓட்டிப் பார்த்தோம். பிழை பூஜ்யம். எழுந்து வரும்போது கார்டு கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

சூடும் கவனிக்க வேண்டியதுதான். இவை சர்வர் விசிறிக்காற்றை நம்பிச் செய்தவை. கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், பரணில் ஏற்றி வைத்தால் எதுவும் தாங்காது. ஐ350 ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 10 கிகாபிட் காப்பர் கார்டை வாங்கிவிடாதீர்கள், அது அடுப்பு.

2.5 கிகாபிட் மினி பிசி

கைக்கு அடக்கம், விசிறிச் சத்தம் கிடையாது, நான்கு போர்ட், மின்சாரச் செலவு குறைவு. மாமாவிடம் இருந்ததும் இப்படி ஒன்றுதான். இந்த வகையில் பெரும்பாலும் இன்டெல் ஐ225 அல்லது ஐ226 சிப் இருக்கும். ஐ225இன் ஆரம்பப் பதிப்புகளில் பாக்கெட்டுகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியில் பிழை இருந்தது, 2.5 கிகாபிட்டில் சில ஸ்விட்சுகளோடு பாக்கெட் தொலையும். பி3 என்ற பதிப்பில் சரிசெய்தார்கள். ஐ226இலும் லிங்க் அறுவதாகப் பலர் சொல்கிறார்கள், ஈஈஈயை அணைத்தால் பலருக்குக் குறைந்திருக்கிறது. உங்கள் இணைப்பு 300 எம்பிபிஎஸ் என்றால் போர்ட்டைக் கிகாபிட்டில் பூட்டிவிடலாம், 2.5இல் மட்டும் வரும் தொல்லை அதோடு விட்டுப்போகும்.

எனக்கு இதில் ஒரே குறை, அது பெரிய குறை: போர்ட்டுகள் எல்லாம் போர்டில் பற்றவைத்தவை. ஒன்று செத்தால் மாற்ற முடியாது. நேராக வீட்டுக்குள்ளேயே ஃபைபர் வரும் வீடு என்றால் இதைத் தாராளமாக வாங்கலாம். எங்கள் அடுக்ககம் போன்ற இடத்துக்கு வேண்டாம்.

மற்றவை

யூஎஸ்பி லேன் அடாப்டர்: ஃபயர்வாலுக்கு வேண்டாம். லேப்டாப்பில் நன்றாக வேலை செய்வது வேறு, வருடம் முழுக்க இரவு பகலாக நிற்பது வேறு. யூஎஸ்பி ஒரு நொடி அறுந்து மறுபடி ஒட்டினாலும் ஃபயர்வாலுக்கு இன்டர்ஃபேஸே காணாமல் போய்த் திரும்பி வந்த கணக்கு. புதுக் கார்டு வரும்வரை ஒப்பேற்ற வைத்துக்கொள்ளலாம்.

ஒற்றைப் போர்ட், விலான் ஸ்விட்ச்: போர்டில் நல்ல போர்ட் ஒன்று இருந்தால், மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கி இரண்டு பக்கத்தையும் ஒரே கேபிளில் பிரித்து ஓட்டலாம். இடி விழுந்தால் முதலில் அடி வாங்குவது ஸ்விட்ச், கணினி பெரும்பாலும் தப்பிக்கும். அந்த வகையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் வீட்டில் நான் இல்லாதபோது யாராவது ஒரு கேபிளை இடம் மாற்றிச் செருகிவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

பிராக்ஸ்மாக்ஸ் மேல் ஃபயர்வால்: ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும், லினக்ஸ் அடித்தளமுள்ள மென்பொருள் பிராக்ஸ்மாக்ஸ். ரியல்டெக்கை லினக்ஸ் பார்த்துக்கொள்ளும், ஃபயர்வாலுக்கு விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் கார்டு மட்டும் தெரியும். டிரைவர் தகராறுக்கு உண்மையிலேயே நல்ல தீர்வு. உள்ளே செக்சம் ஆஃப்லோடை (பாக்கெட்டின் பிழைச் சரிபார்ப்பைக் கார்டிடம் விடும் வசதி) அணைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பிங் போகும், வெப்சைட் திறக்காது. பிராக்ஸ்மாக்ஸை அப்டேட் செய்து ரீபூட் போடும்போதெல்லாம் வீட்டு நெட்டும் சேர்ந்து போகும் என்பதால், ஏற்கெனவே பழகியவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

மாமா வீட்டில் போட்டது

அரை உயர டெஸ்க்டாப் ஒன்று, அதில் இரண்டு போர்ட் ஐ350. போர்டில் இருந்த போர்ட்டை பயாஸிலேயே அணைத்துவிட்டேன். கார்டுக்கும் மொட்டை மாடிக் கேபிளுக்கும் நடுவே, செம்புக் கேபிளை ஃபைபருக்கு மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டர் இரண்டு, அவற்றை இணைக்க மூன்று மீட்டர் ஃபைபர் பேட்ச் கார்டு. செம்பு அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. இரண்டு கன்வர்ட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் தள்ளித் தள்ளி வைத்தோம், இல்லாவிட்டால் கரன்ட் வழியாகவே ஏறிவிடும். இடி கேபிளில் இறங்கினால் முதலில் போவது வெளிப்பக்கக் கன்வர்ட்டர். அதையும் தாண்டி வந்தால் கார்டு. இரண்டுமே ஒரு ஸ்க்ரூடிரைவரால் மாற்றக்கூடியவை. அதே கடையில் வாங்கிய இன்னொரு ஐ350 மாமாவின் மேஜை டிராயரில் பிராக்கெட் மாட்டித் தயாராக இருக்கிறது.

கார்த்திகை மழை முழுக்க வாரம் ஒருமுறை கீழே போய்ப் பிழை எண்ணிக்கையைப் பார்த்தேன். இரண்டு போர்ட்டிலும் பூஜ்யம். மூன்றாவது வாரம் போனபோது மாமா வெள்ளை டேப்பில் 'வெளி', 'வீடு' என்று எழுதி இரண்டு கேபிளிலும் சுற்றிவைத்திருந்தார்.