பழைய பத்மினி வாங்கலாமா?

எங்கள் வீட்டில் ரொம்ப காலம் இருந்த கார். ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பத்மினி என்று இருக்கும், ஆனால் வீட்டிலும் சரி, மெக்கானிக் கடையிலும் சரி, அது ஃபியட்தான். பழசு ஒன்று விலைக்கு வருகிறது, எடுக்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

தினமும் ஆபீஸ் போய்வர என்றால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் அப்பிக்கொள்ளப் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் எடுங்கள். 1089 சிசி இன்ஜின், பானெட்டைத் திறந்தால் சுற்றிலும் கை நுழைய இடமிருக்கும், மறைத்து வைத்த சமாசாரம் எதுவும் இல்லை. இழுவை குறைந்தால், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி சரிபார்த்து மூடினால் பாதி வியாதி போய்விடும். கோடையில் மலை ஏறும்போது இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி நின்றால் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஏற்காடு போகிற வழியில் அப்பா துணியை நனைத்துக்கொண்டிருக்க நாங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுவோம்.

ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். லிவர் இணைப்பில் இருக்கும் புஷ் தேய்ந்தால் கியர் சிக்கிக்கொள்ளும், இறங்கிப்போய் பானெட்டைத் திறந்து லிவரைக் கையால் தள்ளினால் விடுபடும். அந்தக் கியர் தரையில் இல்லாததால்தான் முன்சீட் பெஞ்சில் மூன்று பேர் உட்கார முடிந்தது, நடு இடத்துக்கு வீட்டில் நடந்த சண்டை தனிக்கதை.

பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். பிரேக் ஆயில் குழாயில் காற்றுப் புகுந்தால் அதை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, சக்கரத்தடியில் படுத்திருக்கும் அப்பா, "மிதி... மிதி... பிடிச்சுக்கோ, விட்டுடாதே!" என்று கத்துவார். அம்மா வண்டி ஓட்டியதே இல்லை, ஆனால் மிதி எவ்வளவு இறங்கினால் பிரேக் சரி என்று அப்பாவுக்கு முன்பே சொல்லிவிடுவார்.

உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, மும்பையில் மட்டும் டாக்சியாக 2023 அக்டோபர் வரை ஓடியது. சென்னையில் பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டையையும் ஜி.பி. ரோட்டையும் சுற்றத் தயாராக இருங்கள். இன்ஜின் சாமான் எப்படியாவது தேறும், கதவு ஓர ரப்பர் பீடிங், விளக்குக் கண்ணாடி, குரோம் பட்டைக்குத்தான் அலைச்சல். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது, எனவே பெட்ரோல் டியூப், பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாப்ரம் இரண்டையும் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள்.

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். காலடி மேட்டை (விரிப்பை) தூக்கித் தரைத்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். சிலிண்டர் தேய்ந்துபோன இன்ஜினை இறக்கிச் சரிசெய்யலாம், துரு தின்ற தரைக்கு வெல்டிங் வைத்து மாளாது. அப்புறம் ஆர்.சி., பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அது நடப்பில் இல்லாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.